ஞாயிற்றுக்கிழமைப் பருப்பு

அந்த நாட்டின் குரல் வருவதற்கு முன்னால் அதன் இரைச்சல் வரும். சிற்றலை வானொலி கேட்டுப் பழகியவர்களுக்கு இது தெரியும். ஒவ்வோர் ஒலிபரப்புக் கோபுரத்துக்கும் தனி மூச்சு உண்டு. சில கோபுரங்கள் துடைத்த கண்ணாடி மாதிரி சுத்தமாகக் கேட்கும். சில கோபுரங்கள் பேச்சுக்கு அடியில் இரைந்துகொண்டே இருக்கும். அல்பேனியாவின் கோபுரம் இரண்டு தெரு தள்ளி மாவு மில் ஓடுவது போல ஒரு தாழ்ந்த ஓசை எழுப்பும். முள்ளைத் திருப்பிக்கொண்டே போகும்போது அந்த ஓசை வந்துவிட்டால் கையை எடுத்துவிடுவேன். சற்று நேரத்தில் ஒரு பெண் ஆங்கிலத்தில் பேச ஆரம்பிப்பாள். குரோமியத்தைப் பற்றி, செம்பைப் பற்றி, மலைச்சரிவில் புதிதாக வெட்டிய படிக்கட்டு வயல்களைப் பற்றி. அவள் குரல் வரும், போகும், அலை வாங்கும். கடலுக்கு அடியிலிருந்து யாரோ கோதுமை விளைச்சலை வாசிப்பது போல இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். குரோம்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர் ஏரியைத் தாண்டி ஒரு தெருவில் மாடி அறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எண்ணுவது என் தொழில். வேலை நேரம் முடிந்த பிறகும் அது நிற்காது. விமானப்படைத் தளத்திலிருந்து காலையில் எத்தனை பயிற்சி விமானங்கள் கிளம்பின, எத்தனை திரும்பின என்று எண்ணுவேன். திரும்புவதில் ஒன்று குறைந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. மறுநாள் செய்தித்தாளில் ஒன்றும் இருக்காது. நான்தான் ஒன்றை விட்டிருப்பேன்.

வானொலிக்கு நீளமான ஏரியல் கம்பி தேவைப்பட்டது. என் மொட்டைமாடியிலிருந்து தெருவைத் தாண்டி எதிர்வீட்டுத் தென்னை மரத்துக்குக் கட்டினால் சரியாக இருக்கும். எதிர்வீட்டுக்காரர் எங்கள் தொழிற்சாலையிலேயே ஃபிட்டர். என்னைவிட நான்கு வயது பெரியவர். பெரும்பாக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வாங்கிய மனைக்கட்டில் தன் கையாலேயே வீடு கட்டிக்கொண்டிருந்தார். மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கட்டிக்கோங்க சார். ஆனா அதுல இன்னா வருதுன்னு எனக்கும் சொல்லணும்."

கம்பி கட்டிய நாளிலிருந்து எனக்குக் கவலை. காற்றில் அறுந்து மின்சாரக் கம்பி மேல் விழுந்தால் என்ன ஆகும், தேங்காய் விழுந்து கம்பியை இழுத்தால் என்ன ஆகும் என்று படுக்கும்போதெல்லாம் தோன்றும். ஃபிட்டரின் மகளுக்கு அப்போது எட்டு வயது இருக்கும். குரல் கம்பி வழியாக நடந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். காக்கை உட்கார்ந்தால் கல்லெடுத்து விரட்டுவாள், குரல் நடக்க வழி வேண்டுமே என்று.

ஃபிட்டர் மாலை வேளைகளில் மாடிக்கு வந்துவிடுவார். வானொலிப் பெண் பேசுவதை நான் துண்டு துண்டாகத் தமிழில் சொல்வேன். அந்த நாடு யாரிடமும் கடன் வாங்குவதில்லை. வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். என்ன விதைப்பது, எத்தனை ஜோடிச் செருப்பு தைப்பது, எல்லாவற்றையும் தலைநகரத்தில் ஓர் அலுவலகம் ஐந்து வருடத்துக்கு முன்கூட்டியே தீர்மானிக்கிறது. முதலில் பக்கத்து நாட்டோடு சண்டை. பிறகு பெரிய வல்லரசோடு சண்டை. பிறகு, கடைசியாக உதவி செய்துகொண்டிருந்த சீனாவோடும் சண்டை. இப்போது உலகத்தில் அதற்கு யாரும் இல்லை. மலையும் கடலும் தானுமாக இருக்கிறது.

ஃபிட்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்துவேன். "சொல்லுங்க சார்" என்பார்.

அவருக்கு அந்த நாட்டைப் பிடித்துப்போனதற்குக் காரணம் இருந்தது. கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொண்டதால் அண்ணனோடு பேச்சு நின்றது. நிலத்தில் பங்கு கேட்க மாட்டேன் என்று கிளம்பி வந்தவர் அவர். பிறகு தொழிற்சாலைச் சங்கத்தில் ஒரு கோஷ்டியோடு மனஸ்தாபம். பிறகு அடுத்த கோஷ்டியோடும். இந்தக் கதையை அவர் மனைவியிடம் நான் ஒருமுறை சொன்னேன், அந்த நாட்டின் கதையோடு சேர்த்து. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் நிமிராமலே சொன்னார்:

"அப்ப இன்னும் நான் ஒருத்திதான் பாக்கி."

அங்கே மாதா கோயில், மசூதி எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள் என்று சொன்னபோது மட்டும் கை நின்றது. அவர் வாரம் தவறாமல் தாம்பரத்துக்கு ஞாயிறு பூசைக்குப் போகிறவர். "அந்த ஊரு உருப்படாது அண்ணா" என்றார். கோபமில்லாமல், மழை வராது என்று சொல்வது போல.

ஒரு தை மாதம் ஃபிட்டர் வீட்டுக் கூடத்துச் சுவரில் பெரிய அட்டை ஒன்று மாட்டப்பட்டது. தொழிற்சாலையில் இயந்திரப் பாகம் சுற்றி வந்த அட்டையின் பின்பக்கம். மேலே ஐந்தாண்டுத் திட்டம் என்று எழுதியிருந்தது. முருங்கை, கோழிமுட்டை, தேங்காய், வீட்டிலேயே காய்ச்சும் சோப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எல்லாவற்றுக்கும் கீழே, அகலமாக, கிணறு. மாத முதல் ஞாயிறு கூட்டம் நடக்கும். நான் கணக்கு வாசிப்பேன். மகள் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவாள். பென்சில் ஒரு நூலில் கட்டி அட்டையோடு தொங்கும். வெளியிலிருந்து எது வாங்காமல் இருக்க முடியுமோ அது வாங்கப்படாது என்பதுதான் திட்டம். அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்குத் தற்காலிக விலக்கு.

கணக்கை ஃபிட்டர் சதவீதத்தில்தான் கேட்பார். வானொலியில் அப்படித்தான் சொல்வார்கள். சென்ற ஆண்டைவிட இத்தனை சதவீதம் அதிகம், அதற்கு முந்தைய ஆண்டைவிட இத்தனை. முட்டை நூறு சதவீதம் உயர்ந்துவிட்டது என்று நான் வாசித்தபோது அந்த அம்மாள் அடுக்களையிலிருந்து கேட்டார்:

"போன மாசம் ஒண்ணு. இந்த மாசம் ரெண்டு. அதானே?"

மகள் சிரித்ததில் கோடு வளைந்துவிட்டது. கடைசிவரை அந்த வளைவு அட்டையில் இருந்தது.

எனக்கும் அதே உறுத்தல்தான். வருடக்கணக்காக அந்த வானொலியில் சதவீதம் கேட்கிறேன். மொத்தம் எத்தனை டன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஸ்டோர்ஸ் கிளார்க்குக்கு இது தாங்காது. சென்ற வருடம் எத்தனை மூட்டை இருந்தது என்று தெரியாமல் எப்படி இந்த வருடம் கூடியது என்று நம்புவது? ஒலி எப்படிக் கேட்கிறது என்று அவர்களுக்கு எழுதி அனுப்பும்போது, கடைசியில் பணிவாகக் கேட்டேன். கோதுமை மொத்தம் எத்தனை டன்? மூன்று மாதம் கழித்து ஒரு நாட்காட்டி வந்தது. பனி மலை, ஆட்டு மந்தை, தலையில் வெள்ளைத் துணி கட்டிச் சிரிக்கும் பெண்கள். டன் இல்லை. ஃபிட்டர் அந்த நாட்காட்டியை வாங்கி அட்டைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். சேலையூர் வெயிலில் அந்தப் பனி எனக்குக் கனவில் வரும். கனவில் நான் அந்த ஆடுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். அவை நகர்ந்துகொண்டே இருக்கும்.

கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. குரோம்பேட்டை மலையும் பல்லாவரத்துக் கல்குவாரிகளும் பூமிக்கு அடியில் நடந்து வந்து எங்கள் தெருவில் படுத்திருக்கின்றன என்று ஃபிட்டர் சொல்வார். ஆள் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே இறங்கி உளியும் சம்மட்டியுமாக உடைப்பார். மனைவி பூசையிலிருந்து வந்ததும் கூடையை மேலே இழுப்பார். நான் முடிச்சுப் போட்ட கயிற்றை விட்டு ஆழம் பார்ப்பேன். ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சு. பாறையில் கீறல் தெரிந்தால் எனக்குப் பயம். சரிந்துவிடுமோ என்று விளிம்பில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். "சார், நீங்க மேல நிக்கறதுதான் எனக்கு பேஜாரா கீது" என்று கீழிருந்து குரல் வரும்.

மூன்றாவது வருடம் தண்ணீர் கண்டது. பாறையின் ஒரு பக்கத்திலிருந்து நூல் மாதிரி ஒரு கசிவு. மறுநாள் கணுக்கால் அளவு. அந்த வாரக் கடைசியில் இடுப்பளவு. அந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்து கிணறு கைப்பிடிச் சுவருக்கு இரண்டு முழம் கீழே வரை நின்றது. மகள் எட்டிப் பார்த்துத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். கிணறு திருப்பிச் சொல்லும். மாலையில் வெயில் சாய்ந்து தண்ணீரில் பட்டு, அந்த வெளிச்சம் மேலே ஏறித் தென்னை ஓலைக்கு அடியில் நெளியும். என் மாடியிலிருந்து பார்த்தால் வீடே தண்ணீருக்குள் இருப்பது போலத் தோன்றும். வானொலியில் அந்தப் பெண் புதிய நீர்மின் நிலையத்தைப் பற்றி வாசிப்பாள். எது அங்கே, எது இங்கே என்று எனக்குக் கலந்துபோகும். தோல் பதனிடத் தொழிற்சாலைக் கிடங்குக்கு வரும் பச்சை நிறக் குரோமியத் தூளைப் பதிவு செய்யும்போதுகூட, இது அந்த மலையிலிருந்து வெட்டியதாக இருக்கலாமே என்று ஒரு பிடி அள்ளிப் பார்ப்பேன். எந்த ஊர் மண் என்று அதில் எழுதியிருக்காது.

அந்த நாட்டின் தலைவர் இறந்துபோன பங்குனிக் கடைசியில் நாள் கணக்கில் சோக இசை மட்டும் ஒலித்தது. அந்த ஞாயிறு ஃபிட்டர் கிணற்றில் தூர் எடுக்க இறங்கவில்லை. "யாரு வூட்டு சாவு?" என்று மனைவி கேட்டார்.

அடுத்த வருடம் பஞ்சாயத்திலிருந்து தெருவுக்குக் குழாய் வந்தது. விரும்பியவர்கள் இணைப்பு வாங்கிக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் வாங்கினார். தெருவில் எல்லோரும் வாங்கினார்கள். ஃபிட்டர் வேண்டாம் என்று சொல்லி, தோண்ட வந்தவர்களுக்கு ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். தன் கிணறு இருக்கும்வரை வெளித்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராது என்றார். அந்த அம்மாள் வாசலில் நின்று, மூடப்பட்ட பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு அதில் ஒரு தனி வருத்தம். கிணற்றுத் தண்ணீர் உப்பு இல்லை, ஆனால் கடினம். சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. அந்த வீட்டுக் குக்கர் என் ஜன்னலுக்கு நேர் எதிரே. காலையில் சவரம் செய்யும்போது விசிலை எண்ணுவேன். ஏழு விசில் வந்தால்தான் அடுப்பை அணைப்பார். சில நாள் எட்டு. அப்படியும் பருப்பு தனியாக, தண்ணீர் தனியாக நிற்கும் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மூன்றே விசில்.

முதலில் நான் தவறவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று. அதற்கடுத்த ஞாயிறும் மூன்று. பிறகுதான் கவனித்தேன். அந்த அம்மாள் பூசைக்குப் போகும்போது வயர் கூடை காற்றில் ஆடும். திரும்பி வரும்போது தோளைச் சாய்த்து இழுக்கும். மேலே பாட்டுப் புத்தகம், முக்காடுத் துணி. அடியில் ஒரு பிளாஸ்டிக் கேன். சர்ச் வளாகத்துக் கைப்பம்பில் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று தாம்பரத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லை தாண்டி வந்த சரக்கைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிறு மதியம் ஃபிட்டர் இரண்டு முறை சாம்பார் ஊற்றிக்கொள்வார் என்று கேள்வி. கிணறு பழகப் பழகத் தண்ணீர் தேறி வருகிறது என்று ஒரு கூட்டத்தில் அவர் சொன்னபோது, நான் கணக்குத் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். அந்த அம்மாள் பொரியலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவும் சத்தம் கொஞ்சமும் மாறவில்லை.

எண்பதுகளின் கடைசியில் தெருக்கோடி மாந்தோப்பு விலைபோயிற்று. மூன்று மாடி வீடுகள் எழும்பின. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆழ்துளைக் கிணறு. துளை போடும் லாரி வந்து நின்று இரண்டு பகல் முழுக்க அலறும். பாறைத் தூள் எங்கள் தெருவில் வெள்ளையாகப் படியும். தென்னை ஓலை, ஏரியல் கம்பி, காயப்போட்ட துணி எல்லாம் வெள்ளை. அந்த நாட்காட்டிப் பனி இங்கே வந்துவிட்டது போல இருந்தது. அது அடங்கியதும் கயிற்றை விட்டுப் பார்ப்பேன். ஒரு முடிச்சு குறைந்திருக்கும். ஃபிட்டர் மறுபடி உளியை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவர் ஒரு முழம் வெட்டினால் தண்ணீர் இரண்டு முழம் இறங்கும். ஐம்பத்தைந்தை நெருங்கும் மனிதர். மேலே ஏறி வந்ததும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிடுவார். சதவீதம் கேட்பதை விட்டுவிட்டார். நானும் வாசிப்பதை விட்டுவிட்டேன்.

அதே சமயம் வானொலியிலும் ஏதோ நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் குரல் களைத்திருந்தது. விளைச்சல் செய்தி குறைந்து, ஒருநாள் அடியோடு நின்றது. முதன்முறையாகச் சிரமங்கள் என்ற வார்த்தையைப் பயன்படுத்தினாள். பிறகு வெளிநாட்டிலிருந்து உணவு மூட்டைகள் வருவதைச் சொன்னாள், அதுவும் ஒரு சாதனை போல, அதே குரலில். ஜனங்கள் கப்பலில் தொற்றிக்கொண்டு கடலைத் தாண்டி ஓடுகிறார்கள் என்று நம் பத்திரிகையில் படம் வந்தது. கப்பல் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். மலையெங்கும் கான்கிரீட்டில் காளான் போலப் பதுங்கு கூடுகள் கட்டி வைத்திருந்தார்களாம், வராத எதிரிக்காக. அதையெல்லாம் அந்தப் பெண் எங்களிடம் சொன்னதில்லை.

ஃபிட்டரிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "பாவம் சார், எம்மாம் பேரு" என்றார்.

ஒரு மாலை முள்ளைத் திருப்பினேன். இரைச்சல் வந்தது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தோம். குரல் வரவில்லை. வெறும் இரைச்சல். கோபுரம் மூச்சு விடுகிறது, பேசத்தான் ஆள் இல்லை. அதற்குப் பிறகு சில வாரம் அப்படியே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்த வெறும் ஓசையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தெருவில் கேபிள் டிவி கம்பிகள் வந்துவிட்டன. என் ஏரியலுக்கு மேலேயும் கீழேயும் கறுப்புக் கறுப்பாய்ப் போயின. காக்கைகளுக்கு வசதி. விரட்ட ஆளில்லை. மகளுக்குக் கல்யாணமாகிக் கேளம்பாக்கம் போய்விட்டாள். அவள் போன பிறகு அட்டையில் கோடு போடப்படவில்லை. பென்சில் மட்டும் மின்விசிறிக் காற்றில் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்று மூன்றில் மழை பொய்த்து நகரமே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. பஞ்சாயத்துக் குழாயே இரண்டு நாளைக்கு ஒருமுறைதான். ஃபிட்டர் வீட்டுக் கிணற்றில் காலையில் எட்டு வாளி. அதுவும் கலங்கல். அதன்பின் மறுநாள் வரை அடிப்பாறை தெரியும். அந்த அம்மாள் வாரத்தில் இன்னும் இரண்டு நாள் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில்தான் மகளுக்கு ஏழாம் மாதம். வளையல் போட்டு அழைத்து வர வேண்டும். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். வளையல் எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. நாள் கேட்கக் கேளம்பாக்கம் போன அந்த அம்மாள் மாலை பஸ்ஸில் திரும்பி வந்து, நேராக என்னிடம் மாடிக்கு வந்தார். ஃபிட்டர் என்னோடுதான் இருந்தார். அந்த அம்மாள் நின்றபடியே சொன்னார். சம்பந்தி அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார்களாம். காபி கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக. தண்ணீர் இல்லாத வீட்டில் பிள்ளை பெற்றுக்கொண்டு என்ன செய்வாள், இங்கேயே இருக்கட்டும், நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று.

"நானு வந்து பாத்துட்டுப் போவணுமாம்" என்றார் அந்த அம்மாள். "எம் பொண்ண. விருந்தாளி மாதிரி."

ஃபிட்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க திட்டத்துல பேரப்புள்ளைக்கு எத்தினி கொடம் எழுதிக்கீறீங்க? அத்த மட்டும் சொல்லுங்க. நான் போயி அவுங்களாண்ட சொல்லிடறேன்."

அந்த அம்மாள் கீழே இறங்கிப் போய்விட்டார். செருப்புச் சத்தம் தெருவைக் கடந்தது. லாரித் தண்ணீர் ஒரு நடை சொன்னால் மறுநாளே வரும். தெருவில் பாதிப் பேர் வாங்குகிறார்கள். ஆனால் இத்தனை வருடம் பாறையை உடைத்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் வானொலியைப் போட்டேன். முள் பழைய இடத்தில்தான் இருந்தது.

இரைச்சல் வந்தது. அதற்கு மேல் பாட்டு.

கூட்டமாகப் பலர் பாடினார்கள். ஆண்கள் கீழே, பெண்கள் மேலே, நடுவில் ஆர்கன். மொழி தெரியவில்லை. ஆனால் அது என்ன பாட்டு என்று சந்தேகமில்லை, ஞாயிறு காலையில் தாம்பரத்து சர்ச் ஜன்னலிலிருந்து வருகிற மாதிரிப் பாட்டு. ஃபிட்டர் நிமிர்ந்தார்.

"வேற ஸ்டேஷனா சார்?"

"அதே கோபுரம்தான். இரைச்சலைக் கேளுங்க. மாறவே இல்ல."

"ஆளு மாறிட்டாங்க."

"யாருக்கோ வாடகைக்கு விட்டிருப்பாங்க போல."

அவர் கொஞ்ச நேரம் கேட்டார். எழுந்து கைப்பிடிச் சுவரோரம் போய்த் தெருவைத் தாண்டிக் கூப்பிட்டார்.

"இன்னாமே, மேல வா. உன் ஆளுங்க பாடறாங்க."

அந்த அம்மாள் வந்தார். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. வாசற்படியிலேயே நின்று கேட்டார். பன்னிரண்டு வருடமாக அந்தப் பெட்டிக்குக் காது கொடுக்காதவர். மெல்ல, சத்தமே இல்லாமல், உதடு மட்டும் தமிழில் அசைந்தது. பாட்டு அலை வாங்கித் தேய்ந்து, திரும்பி வந்து, மறுபடி தேய்ந்தது. அந்த மலைகளும், மூடிக்கிடந்த கோயில்களும், டன் தெரியாத கோதுமையும், ஆட்டு மந்தையும் எங்கோ அந்த ஓசைக்கு அடியில் இருந்தன. பாட்டு முடிந்தது.

ஃபிட்டர் யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"லாரிக்கு யாராண்ட சொல்லணும்?"

புதன்கிழமை மாலை லாரி வந்தது. ஃபிட்டர் இரும்புக் கதவை இரண்டு பக்கமும் முழுக்கத் திறந்து வைத்திருந்தார். டிரைவர் இறங்கிக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தான்.

"சம்ப் எங்க சார்?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்த வீட்டில் தண்ணீரைத் தரைக்கடியில் தேக்கும் சம்ப் இல்லை. மேல்தொட்டி இல்லை. பெரிய டிரம்கூட இல்லை. வெளியிலிருந்து தண்ணீர் வரும் என்று எந்தத் திட்டத்திலும் நாங்கள் நினைக்கவில்லை. எண்ணுகிற நானும் நினைக்கவில்லை. இருப்பதைக் கணக்கெடுத்தேன்: நான்கு குடம், இரண்டு வாளி, ஓர் அண்டா.

"சம்ப் கெடையாதுப்பா" என்றார் ஃபிட்டர்.

"டேங்க்?"

"அதுவும் கெடையாது."

"அப்ப எதுல வுடறது, உங்க வாயிலயா?"

ஃபிட்டர் கிணற்றைக் காட்டினார். டிரைவர் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "நல்ல தண்ணிக் கெணத்துலேந்து எடுத்துதான் சார் நான் கொண்டாறேன். அத்த நீங்க கெணத்துல ஊத்தச் சொல்றீங்க."

அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரிப்பு.

குழாயைக் கிணற்றுக்குள் விட்டார்கள். முதலில் பாறையில் அறைந்து ஓர் உறுமல் எழுந்தது. பிறகு தண்ணீர் தண்ணீரில் விழும் சத்தம். மெதுவாக அந்தச் சத்தம் கனத்து, தாழ்ந்து, மேலே ஏறி வந்தது. ஃபிட்டர் இரண்டு கையையும் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மாலை வெயில் கொஞ்சம் உள்ளே விழுந்து, பல வருடங்களுக்குப் பிறகு அந்த நெளிகிற வெளிச்சம் தென்னை ஓலைக்கு அடியில் ஏறியது. லாரி போன பிறகும் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று நான் தூங்கவில்லை. பாறையில் எத்தனை கீறல் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். விடிந்ததும் கயிற்றோடு போய் நின்றேன். நான் பயந்தபடிதான். மூன்று முடிச்சு இறங்கியிருந்தது. மாடி வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகள் இழுத்துவிட்டன. இப்படிப் போனால் பத்து நாளைக்கு வரவேண்டியது ஐந்து நாளில் தீர்ந்துவிடும், பாதித் தண்ணீர் தெருக்கோடி வீட்டுக்காரர்கள் குழாயில் வரும் என்று படபடப்பாகச் சொன்னேன். ஃபிட்டர் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். துப்பிவிட்டு வந்து கயிற்றைப் பார்த்தார். முடிச்சுகளை விரலால் தடவினார்.

"போவட்டும் சார். அங்கயும் புள்ளைங்க கீதுங்க."

அன்றைக்கு லீவு போட்டேன். பதினோரு மணி பஸ்ஸில் கேளம்பாக்கத்திலிருந்து மகள் வந்து இறங்கினாள், விடியும் முன்பே போய் வளையல் போட்டு அழைத்து வந்த அம்மாவோடு. கை நிறைய வளையல். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் போகாமல் நேராகக் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். அந்த அம்மாள் பதறிக் கையைப் பிடித்து இழுத்தார். மகள் என்னவோ கூப்பிட்டாள். கிணறு திருப்பிச் சொன்னதா என்று என் மாடிவரை கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் குக்கர் வைத்தார்கள். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். முதல் விசில். இரண்டாவது. மூன்றாவது. அடுப்பை அணைத்துவிட்டார்கள்.

அன்று வியாழக்கிழமை.

எதிரே வாசலில் ஃபிட்டர் நின்றிருந்தார். தலையைத் தூக்கி என் ஜன்னலைப் பார்த்தார். சிரிக்கவில்லை. வலது கையைச் சற்றே உயர்த்தி, மூன்று விரலைக் காட்டினார். அப்புறம் உள்ளே சாப்பிடப் போனார்.